முத்துச் சிப்பிப் பாடமும் சாளை மீனும்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு டேப் ரிக்கார்டர் வந்தது ஒரு பழைய மாணவியின் புண்ணியத்தில். அவளுடைய கணவர் கப்பலில் இன்ஜினீயர். எந்தத் துறைமுகத்திலோ வாங்கிய அந்தப் பெட்டியை, நாடா சுற்றிய இரண்டு பெரிய ஸ்பூல்களோடு, தலைமை ஆசிரியையின் மேஜைமேல் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு உபயோகப்படட்டும் என்று சொல்லிப் போனாள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. ரேடியோவை எல்லோரும் பார்த்திருந்தோம். நாம் பேசியதை நமக்கே திருப்பிச் சொல்லும் பெட்டியை தூத்துக்குடியில் எங்களில் யாரும் அதுவரை பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

எங்கள் தலைமை ஆசிரியை கன்னியாஸ்திரீ. நாங்கள் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். சும்மா கிடக்கும் எதையும் அவரால் பொறுக்க முடியாது. நாற்காலி உடைந்தால் அதன் கால் தோட்டத்தில் தக்காளிச் செடிக்கு ஊன்றுகோலாகிவிடும். டேப் ரிக்கார்டர் ஒரு வாரம் உறை போட்டபடி இருந்தது. அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டார். நான் அந்தப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பத்து, பதினொன்றாம் வகுப்புகளுக்கு அறிவியல் ஆசிரியை.

"டீச்சர் லீவு போடலாம், பாடம் லீவு போடக் கூடாது," என்றார். முக்கியமான பாடங்களை டேப்பில் பேசி வைத்துவிட்டால் ஆசிரியை வராத நாளில் போட்டுக் காட்டலாம் என்பது அவர் திட்டம். முதல் பாடம் முத்துச் சிப்பி என்றும் அவரே முடிவு செய்திருந்தார். பாடப் புத்தகத்தில் சிப்பிக்கு அரைப் பத்திதான் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது போதாது என்பது சரிதான். வகுப்பில் இருந்த பலருடைய தகப்பன்மாரும் பாட்டன்மாரும் முத்துக் குளித்தவர்கள். ஆனாலும் பரீட்சையில் ஏதாவது ஒரு உயிரியைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் தவளையை எழுதிவிட்டு வந்துவிடும். தவளையின் படம்தான் அவர்களுக்குச் சுலபமாக வந்தது.

பாடத்தை நான் எழுதினேன். வாசிப்பதற்கு என் குரலைச் சிஸ்டர் ஏற்றுக்கொள்ளவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் குரலைப் போட்டால் வகுப்பே படுத்துவிடும் என்றார். தமிழய்யாவை வரச் சொன்னார். எங்கள் பள்ளியில் இருந்த ஒரே ஆண் ஆசிரியர் அவர். ஏரலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். சைவம், நெற்றி நிறையத் திருநீறு. காலை வழிபாட்டில் அவர் அறிவிப்பு வாசித்தால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். செந்தமிழில்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் ஏரல் வந்துவிடும்.

நான் எழுதியதைப் படித்துவிட்டு அவர் ஒரே ஒரு குறை சொன்னார். முத்து சிப்பியில் மட்டும் பிறப்பதாக நான் எழுதியிருந்தேன். யானைத் தந்தத்திலும், கரும்பிலும், மூங்கிலிலும், மேகத்திலும் பிறக்கும் என்று நூல்களில் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார். அது இலக்கியம் ஐயா, இது அறிவியல் என்றேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பதிவு செய்ய அமைதியான இடம் வேண்டும் என்று அந்தப் பெட்டியோடு வந்த காகிதத்தில் படம் போட்டுக் காட்டியிருந்தது. தூத்துக்குடியில் அப்படி ஒரு இடத்தைத் தேடும்போதுதான் இந்த ஊர் எவ்வளவு சத்தம் போடுகிறது என்பது எனக்குத் தெரிந்தது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் வைத்தோம். பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொன்னது. ஞாயிற்றுக்கிழமை வந்தோம், கோயில் மணி அடித்தது, மணி நின்றதும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கி ஆரம்பித்தது. சிற்றாலயத்தின் பின்னறையில் வைத்தோம். மில் சங்கு ஊதியது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து, பழையதன் மேலேயே பதிந்தோம். தப்பாகப் போனதை வெட்டி ஒட்டலாம் என்று யாரோ சொன்னதற்கு, பரிசாக வந்த பொருளில் கத்தரி வைக்கக் கூடாது என்று சிஸ்டர் மறுத்துவிட்டார்.

என் கணவர் பழைய துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் வேலை பார்த்தார். கப்பலில் வந்த பஞ்சுப் பொதிகள் அடுக்கியிருக்கும் கிட்டங்கி ஒன்று இருப்பதாகவும், அதற்குள் நின்றால் கடற்கரை ரோட்டில் லாரி போவதுகூடக் கேட்காது என்றும் அவர்தான் சொன்னார். ஒரு சனிக்கிழமை தமிழய்யாவும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனோம். உள்ளே மின்சாரம் இல்லை. டார்ச் லைட் செல்களைப் போட்டு ஓட்டினோம். கூரை வரைக்கும் பஞ்சுப் பொதி. நடுவில் ஒரு மரப்பெட்டியில் மைக், அதற்கு முன்னால் தமிழய்யா. அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி. அவர் வாயைத் திறந்து இரண்டு வரி வாசித்தார். பிறகு நிறுத்திவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"என் சத்தத்தை வாய்க்கு முன்னாலேயே வச்சு யாரோ வாங்கிக்கிடுதாங்க," என்றார்.

பஞ்சு சத்தத்தைக் குடித்துவிடும் என்று விளக்கினேன். தன் குரல் திரும்பி வராத இடத்தில் நின்று பேசுவது அவருக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் தும்மலுக்கும் இருமலுக்கும் இடையே முழுப் பாடத்தையும் வாசித்து முடித்தார்.

திங்கட்கிழமை பள்ளியில் மின்சாரத்தில் போட்டுக் கேட்டோம். ஆரம்பத்தில் அவருடைய கம்பீரமான குரல்தான் வந்தது. சிப்பியின் இருப்பிடத்தைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இளைத்தது. முத்து உருவாகும் இடத்தில் பெண்குரல் மாதிரி ஆனது. முத்துக் குளிப்பவர்கள் கடலில் இறங்கும் நேரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அவசர அவசரமாகப் பேசிக்கொண்டிருந்தது. கிட்டங்கியில் செல் தீரத் தீர ஸ்பூல் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. இங்கே சரியான வேகத்தில் ஓடும்போது குரல் கீச்சென்று ஏறிவிட்டது. எனக்கு அது புரிய நேரம் பிடித்தது. தமிழய்யா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தப் பிள்ளை யாரு? உச்சரிப்பு நல்லா இருக்கே," என்றார்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது அவர் குரல்தான் என்று சொன்னதும் தமிழய்யா கண்ணைத் திறந்தார். இன்னும் ஒரே ஒரு தடவைதான் வாசிப்பேன், அதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த ஒரு தடவையை மில்லர்புரத்தில் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். மதியம் எங்கள் தெருவில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். என் மாமியாரும் தூங்குவார். அரைநாள் லீவு வாங்கிக்கொண்டு இருவரும் வந்தோம். முன்னறையில் மேஜையைப் போட்டு, சன்னல்களைச் சாத்தினேன். புழுக்கம் தாங்காமல் தமிழய்யா ஒரு சன்னலைத் திறக்கச் சொன்னார். திறந்தேன்.

அவர் வாசிப்பு அன்றைக்குப் போல் என்றைக்கும் அமைந்ததில்லை. சிப்பி கடலடிப் பாறைகளை நூல் போன்ற இழைகளால் பற்றிக்கொண்டு வாழ்வதை அவர் சொன்னபோது, எனக்கே அந்தச் சிப்பியின் மேல் ஒரு மரியாதை வந்தது. தூசியோ சிறு புழுவோ உள்ளே புகுந்தால் அதைச் சுற்றிச் சிப்பி தன் பளபளப்பைப் பூசிப் பூசி முத்தாக்குகிறது என்ற இடம் வந்தது. நான் எழுதியதில் அந்தப் பத்தி அங்கே முடிந்தது. அவர் முடிக்கவில்லை. மேலும், முத்தானது யானைத் தந்தத்திலும், கரும்பிலும், மூங்கிலிலும், மேகத்திலும் பிறக்கும் என்று என் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் கையை ஆட்டி ஆட்டித் தடுத்தேன். வாய் திறந்து தடுத்தால் அதுவும் பதிந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் சன்னலுக்கு வெளியே மீன்காரம்மா வந்தாள். வழக்கமாகக் காலையில் வருகிறவள். அன்றைக்கு வள்ளம் கரைக்கு வரவே தாமதமாகிவிட்டதாம். ஓலைப்பெட்டியை மதில்மேல் இறக்கி வைத்து, "யக்கோ, சாளை இருக்கு," என்று குரல் கொடுத்தாள். தூங்குவதாக நான் நம்பியிருந்த மாமியார் அடுத்த நொடியில் வாசலில் நின்றார்.

"நேத்து நீ குடுத்ததுக்குக் கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு."

"இன்னைக்கு உள்ளதைப் பாருங்க. உசிரு இன்னும் போகலை."

தமிழய்யா சிறிது நேரம் பொறுத்தார். சிப்பியின் இனப்பெருக்கத்தைக் குரலை உயர்த்திச் சொல்லிப் பார்த்தார். வெளியே அவர்களும் குரலை உயர்த்தினார்கள். கடைசியில் தாளைக் கீழே வைத்தார். ஏரல் வந்துவிட்டது.

"ஏளா, இங்கன பாடம் நடக்குது. சத்தம் போடாத."

மீன்காரம்மா சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஒரு மேஜை, ஒரு பெட்டி, அதற்கு முன்னால் வேர்த்துப்போய் ஒரு மனுஷன், பக்கத்தில் கையை ஆட்டிக்கொண்டு நான்.

"யாருக்குப் பாடம் அண்ணாச்சி? ஆளையே காணும்?"

"பாடம் பெட்டிக்குள்ள இருக்கு."

"பெட்டிக்குள்ள என்ன இருக்கு?"

"சிப்பி இருக்குளா."

"உயிரோடயா?"

தமிழய்யா தாளை எடுத்து, விட்ட வரியிலிருந்து, முன்பைவிடச் சுத்தமான செந்தமிழில், சிப்பியின் பகைவர்கள் யார் யார் என்று வாசித்து முடித்தார். மாமியார் சாளை வாங்கிக்கொண்டு உள்ளே போகும்போது, தலையை யார் ஆய்வது என்று என்னைக் கேட்டது வரைக்கும் பதிவில் உண்டு.

மறுநாள் சிஸ்டர் முழுவதையும் கேட்டார். நான் தலை குனிந்து நின்றேன். தமிழய்யா இனி வாசிக்க மாட்டார் என்பது தெரிந்த விஷயம். அரையாண்டுப் பரீட்சை வேறு நெருங்கிவிட்டது. சிஸ்டர் நிதானமாக, நான் எழுதிய பாடம் முழுதும் இதில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, கூடுதலாகவும் இருக்கிறது என்றேன். கூடுதலைப் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள் என்றார். அவர் எத்தனையோ வருஷம் பள்ளிக்கூடம் நடத்தியவர். எங்கள் பிள்ளைகள் எதையும் விடுவதில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியாமல் போனதோ.

பதினொன்றாம் வகுப்பில் அந்த டேப்பைப் போட்டோம். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். இன்னொரு முறை போடுங்கள் என்றார்கள். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. மதிய இடைவேளையில் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார்கள். இப்படி ஆசையோடு பாடம் கேட்டு நான் பார்த்ததில்லை என்று சிஸ்டர் சந்தோஷப்பட்டார்.

அரையாண்டில் முத்துச் சிப்பி பற்றிக் கட்டுரை கேட்டிருந்தேன். விடைத்தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்த உட்கார்ந்தேன். முதல் தாளில் எல்லாம் சரியாக இருந்தது. இருப்பிடம், இழைகள், முத்து உருவாகும் விதம். அதற்குக் கீழே கரும்பு ஒன்றை வரைந்து, நடுக்கணுவில் ஒரு முத்தை வைத்து, அம்புக்குறி போட்டிருந்தாள். அடுத்த பத்தி இப்படித் தொடங்கியது: "அக்கா, சாளை உள்ளது. நேற்று நீ கொடுத்த மீனின் கண்கள் சிவந்து கிடந்தன." முந்தின மாதம்தான் தமிழய்யா அவர்களுக்குப் பேச்சு வழக்கைத் தவிர்த்து எழுத்து வழக்கில் எழுத வேண்டும் என்று பாடம் நடத்தியிருந்தார். பிள்ளைகள் கேட்டதை அப்படியே எழுதாமல், ஒழுங்காக மாற்றி எழுதியிருந்தார்கள். ஒருத்தி, "பாடம் பெட்டியினுள் உள்ளது. மாணவியர் எவரும் தென்படவில்லை," என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி, சிப்பி ஒரு பெட்டியில் உயிருடன் இருக்கிறதா என்பது இன்னும் அறியப்படவில்லை என்று முடித்திருந்தாள். அறிவியல் கட்டுரைக்கு அது மோசமான முடிவு இல்லை என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது.

மார்க்கு எப்படிப் போடுவது என்று சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, பாடம் என்று நாம் கொடுத்தது இதைத்தான், கொடுத்ததைத் திருப்பிக் கேட்டோம், கொண்டுவந்து தந்துவிட்டார்கள், எப்படிக் குறைப்பது என்றார். சாளைக்கும் மார்க்குப் போட்டேன். கரும்புக்கு மட்டும் மனது வரவில்லை.

என் மாமியாருக்கு விஷயம் தெரிந்தபோது முதலில் கோபப்பட்டார். கண் சிவந்த மீனை வாங்கியது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டதே என்பது அவர் கவலை. இரண்டு மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே, இன்னும் அதைப் போடுகிறார்களா என்று கேட்டார்.

மாசி மாதம் மாவட்டத்திலிருந்து கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்தார். கண்டிப்பானவர் என்று பெயர். நேரே பதினொன்றாம் வகுப்புக்குள் நுழைந்து, உங்கள் ஊரில் கிடைக்கும் முத்தைப் பற்றி யாராவது சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். யாராவது என்று அவர் சொன்னது பிள்ளைகள் காதில் விழவில்லை. வகுப்பு முழுவதும் எழுந்து நின்றது. தமிழய்யாவின் குரலை நெஞ்சிலிருந்து வரவழைத்துக்கொண்டு எல்லோரும் ஒன்றாகத் தொடங்கினார்கள். இருப்பிடம் வந்தது, இழைகள் வந்தன, யானையும் கரும்பும் மேகமும் வந்தன. நான் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டேன். மீன்காரம்மா வரும் இடத்தில் வகுப்பு தானாக இரண்டாகப் பிரிந்தது. சன்னல் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் மீன்காரம்மா. சுவர்ப் பக்கம் என் மாமியார். கடைசி பெஞ்சு தமிழய்யா. ஏற்ற இறக்கம் ஒன்றுகூடத் தவறவில்லை.

முடிந்ததும் வகுப்பு உட்கார்ந்தது. அதிகாரி நெடுநேரம் பேனாவைத் திறந்தபடி வைத்திருந்தார். பிறகு சிஸ்டரிடம், பாடத்தில் மீன் விற்கிறவள் எதற்கு வருகிறாள் என்று கேட்டார்.

"எங்க பிள்ளைங்களுக்குக் கடல்னா முதல்ல மீனுதான் சார். அதுலேருந்துதான் சிப்பிக்குப் போகணும்," என்றார் சிஸ்டர். கண் இமைக்கவில்லை. அந்தக் கணம் வரை அவருக்கே அது தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. உரையாடல் முறையில் அறிவியல் கற்பித்தல் என்று ஏட்டில் எழுதி, அதன் கீழே கோடு போட்டார். யார் எழுதியது என்று கேட்டார். சிஸ்டர் என்னைக் காட்டினார். நான் என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என்னைப் பாராட்டி முடித்திருந்தார். இதே முறையில் இரத்த ஓட்டத்தையும் செய்துவிடுங்கள் என்று உத்தரவிட்டுவிட்டுப் போனார்.

அதிகாரி சொன்ன பிறகு தமிழய்யாவால் மறுக்க முடியவில்லை. நான் உட்கார்ந்து இரத்த ஓட்டம் எழுதினேன். நடுவில் பால்காரர் வந்து சத்தம் போடுவதாக வைத்தேன். பால்காரராக என் கணவர் பேசினார். எழுதியபடி அவர் மணியை ஆட்டி, பால் என்று கூப்பிட்டார். இப்போது தமிழய்யா கோபப்பட வேண்டும். "ஏலே, இங்கன பாடம் நடக்குது," என்று தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அதை நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்குரிய இடத்தைக் கொடுத்து உச்சரித்தார். சந்நிதியில் நின்று சாமியைக் கூப்பிடுவது போல இருந்தது. இன்னும் கொஞ்சம் கோபமாக, ஐயா, என்றேன்.

"கோவம் வந்தாத்தான கோவப்பட முடியும். எழுதிக் குடுத்தா எங்கேருந்து வரும்?" என்றார். அப்படிச் சொன்னபோது நன்றாகக் கோபம் வந்திருந்தது. டேப்பைத்தான் நான் நிறுத்தியிருந்தேன்.

அந்த இரண்டாவது பாடத்தைப் பிள்ளைகள் ஒரே ஒரு தடவை கேட்டார்கள். பாதியில் இரண்டு பேர் தூங்கினார்கள். இதில் சண்டை சரியில்லை டீச்சர், பால்காரருக்குப் பால் விற்கிற எண்ணமே இல்லை என்று ஒருத்தி சொன்னாள். என் கணவரைப் பற்றிய அந்தக் கருத்தை நான் வீட்டில் சொல்லவில்லை. சிஸ்டர் டேப் ரிக்கார்டரைப் பாட்டு வகுப்புக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் முத்துச் சிப்பி வரும் என்று பிள்ளைகள் முழு நம்பிக்கையோடு போனார்கள். கேட்டிருந்தது மண்புழு. அறிவியல் பரீட்சை முடிந்து அவர்கள் வெளியே வரும்போது தமிழய்யாவும் நானும் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். அழுதுகொண்டு வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். சிரித்துக்கொண்டு வந்தார்கள். மண்புழு எழுதினீர்களா என்று கேட்டேன். புத்தகத்தில் இருந்தது எல்லாம் எழுதிவிட்டோம், ஆனால் அதில் நடுவில் யாரும் வரவில்லை, நாங்களே வரவைத்துவிட்டோம் என்றார்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை. உயிரியல் கட்டுரை என்றால் பாதியில் வெளியாள் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போக வேண்டும் என்பது அவர்களுக்கு ஒரு விதி மாதிரி மனதில் பதிந்துவிட்டது. அதிகாரியே அதைத்தான் பாராட்டியிருந்தார்.

"யாரை வரவச்சீங்க?" என்று கேட்டேன்.

"பனங்கிழங்கு தோண்டுற ஆளு வந்தான் டீச்சர். மம்பட்டியால கொத்துனான். தமிழய்யா அவனைச் சத்தம் போட்டாங்க."

ஒருத்தி மட்டும் இல்லை, பலரும் ஏறத்தாழ அப்படியே எழுதியிருந்தார்கள். அந்தத் தாள்கள் எந்த ஊருக்குப் போயின, யார் திருத்தினார்கள், படித்துவிட்டு என்ன நினைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரிசல்ட் வந்தபோது அறிவியலில் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் தேறியிருந்தார்கள். சிலருக்கு நான் நினைத்ததைவிட அதிக மார்க்கு.

அன்றைக்கு மரத்தடியில் தமிழய்யாவின் முகம் வெளுத்துவிட்டது. தன் பெயரை எழுதினீர்களா என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டார். இல்லை, தமிழய்யா என்று மட்டும்தான் எழுதினோம் என்றார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நான் எந்தத் தமிழ்ல பேசினேன்?" என்று கேட்டார்.

"செந்தமிழ்லதான் ஐயா. எழுத்து வழக்குலதான் எழுதினோம்," என்றாள் ஒருத்தி.

அவர் மூச்சு விட்டார். மேல்துண்டால் நெற்றியை, திருநீறு கலையாமல், ஒற்றிக்கொண்டார். ஏரல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, எங்களிடம் விடைபெற்றுக்கொண்டு வேகமாக நடந்தார்.